நியூட்ரான் கதிர்வீச்சும் குருதிச் செல்களில் தோன்றும் குரோமோசோம் பிறழ்ச்சிகளும்

1. முன்னுரை

கதிர்வீச்சைக் கண்ணால் காண இயலாது. அது உடலில் பட்டவுடன் வலியும் தோன்றுவதில்லை. ஒருவர் எவ்வளவு கதிர்வீச்சை ஏற்றார் என்பதை அறிய அவர் அணிந்திருக்கும் அளவி உதவும். அளவி அணியாத நிலையிலும், அது காட்டும் எண் ஐயத்திற்கு இடமளிக்கும் நிலையிலும் அவருடைய உடலே சான்றாக வேண்டியுள்ளது. குருதியில் உள்ள லிம்போசைட்டு என்னும் வெள்ளணுக்களின் குரோமோசோம்களில் ஏற்படும் முறிவுகளும் தவறான இணைப்புகளும் அத்தகைய சான்றுகளுள் முதன்மையானவை.

காமாக் கதிரும் நியூட்ரானும் இவ்வகைப் பிறழ்ச்சிகளை உண்டாக்கினாலும், ஒரே அளவு ஆற்றலைக் கொண்டு அவை உண்டாக்கும் பிறழ்ச்சிகளின் எண்ணிக்கை பெரிதும் வேறுபடுகிறது. இவ்வேறுபாட்டின் காரணத்தையும், பிறழ்ச்சிகளை எண்ணி அளவை மதிப்பிடும் முறையையும், அம்மதிப்பீடு எதைக் கூறும், எதைக் கூறாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பிறழ்ச்சி என்னும் குறி ஒன்றாகவே இருக்க, அதன் பொருள் அதைத் தோற்றுவித்த கதிரைப் பொறுத்து மாறுகிறது என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்தாகும்.

2. ஆற்றலும் அதன் அடர்த்தியும்

ஒரு கிலோகிராம் திசு ஒரு ஜூல் ஆற்றலை உட்கொண்டால் அதன் ஏற்பளவு ஒரு கிரே எனப்படும். முழு உடலும் குறுகிய காலத்தில் ஏறத்தாழ 4 கிரே காமாக் கதிரை ஏற்று, மருத்துவமும் கிடைக்காவிடில், அவ்வாறு ஏற்றவர்களில் பாதிப்பேர் உயிரிழக்கக்கூடும். ஆயினும் அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் உடல் வெப்பநிலை ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கே உயரும். எனவே கதிர்வீச்சின் தீங்கு ஆற்றலின் மொத்த அளவைவிட அது செல்லுக்குள் இறங்கும் முறையையே பெரிதும் சார்ந்துள்ளது எனலாம்.

காமாக் கதிர் திசுவிலுள்ள எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. விரைந்தோடும் இவ்வெலெக்ட்ரான்கள் தம் வழியில் இடைவெளி விட்டு அயனிகளை உண்டாக்குகின்றன. நியூட்ரானின் செயல்முறை வேறு. 1932இல் ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்த இத்துகளுக்கு மின்னூட்டம் இல்லை. ஆகவே அது எலெக்ட்ரான்களை நேரடியாகத் தாக்குவதில்லை. நீரிலும் புரதத்திலும் நிறைந்துள்ள ஹைட்ரஜன் அணுவின் கருவில் அது மோதுகிறது. மோதுண்ட கரு புரோட்டானாகப் பாய்ந்து செல்கிறது. இப்புரோட்டான் கடக்கும் தொலைவு குறைவு. ஆனால் அக்குறுகிய தடத்தில் அயனிகள் நெருக்கமாக உருவாகின்றன.

ஒரு கிரே காமாக் கதிர் ஒரு மனிதச் செல்லில் ஏறத்தாழ 40 இரட்டையிழை முறிவுகளை டிஎன்ஏவில் ஏற்படுத்துகிறது. அவை செல்லுட்கரு எங்கும் பரவிக் கிடப்பதால் பெரும்பாலானவற்றைச் செல் சீர்செய்துவிடுகிறது. புரோட்டான் தடத்திலோ பல முறிவுகள் அருகருகே நேர்கின்றன. முறிந்த முனைகள் பல ஒரே இடத்தில் இருப்பதால் ஒன்றின் முனை மற்றொன்றுடன் தவறாக இணைவதற்கான வாய்ப்பு மிகுகிறது, சீரமைப்பும் கடினமாகிறது. நியூட்ரானின் கூடுதல் தீங்கிற்கு இந்நெருக்கமே அடிப்படையாகும்.

3. சான்றாகும் செல்

மனிதச் செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன என்பதை ஜோ ஹின் ட்ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 1956இல் வெளியிட்டனர். ராஜ்மா விதையிலிருந்து பெறப்படும் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் பொருள் லிம்போசைட்டுகளைப் பகுப்படையத் தூண்டும் என்பதை 1960இல் பீட்டர் நோவெல் காட்டினார். இவ்விரு கண்டுபிடிப்புகளுக்குப் பின்னரே சிறிதளவு குருதியைக் கொண்டு ஒருவரின் குரோமோசோம்களை ஆராய்வது எளிதாயிற்று.

இவ்வாய்விற்கு லிம்போசைட்டு மிகவும் ஏற்றதாக விளங்குவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன. முதலாவது, குருதியில் உலவும் லிம்போசைட்டுகள் பெரும்பாலும் ஓய்வு நிலையில் இருக்கின்றன; ஆதலால் அவையனைத்தும் கதிர்வீச்சை ஏறத்தாழ ஒரே நிலையில் எதிர்கொள்கின்றன. இரண்டாவது, அவை உடலெங்கும் சுற்றிவருவதால் உடலின் சராசரி ஏற்பளவைக் காட்ட வல்லவை. மூன்றாவது, குழாயில் எடுத்த குருதியைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினாலும், உடலுக்குள் இருக்கும் குருதி கதிர்வீச்சுக்கு உட்பட்டாலும், ஏற்பளவு ஒன்றாயின் பிறழ்ச்சிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைகிறது. மனிதரைத் துன்பத்திற்கு உட்படுத்தாமல் ஆய்வகத்தில் அளவுகோலை உருவாக்க இம்மூன்றாம் பண்பு வழிவகுக்கிறது.

எடுக்கப்பட்ட குருதி 37 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் 48 மணி நேரம் வளர்க்கப்படுகிறது. செல்கள் பகுப்பின் நடுவே நின்றுவிடுவதற்காகக் கால்ச்சிசின் அல்லது அதன் வழிப்பொருளான கால்செமிட் சேர்க்கப்படுகிறது. தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் காணப்படும் நச்சுப்பொருள் இக்கால்ச்சிசினே என்பது இங்கு நினைக்கத்தக்கது. பின்னர்ச் செல்கள் உப்பு குறைந்த கரைசலில் ஊறிப் பருக்கின்றன. அவற்றை நிலைப்படுத்திச் சாயமேற்றினால் குரோமோசோம்கள் தனித்தனியே தெரிகின்றன. 48 மணி நேரம் என்னும் வரையறைக்கும் காரணம் உண்டு. செல் இரண்டாம் முறை பகுப்படைந்தால் பிறழ்ச்சிகளில் ஒரு பகுதி மறைந்துவிடும். எனவே முதற்பகுப்பில் உள்ள செல்களையே எண்ண வேண்டும்.

இயல்பான குரோமோசோமில் சென்ட்ரோமியர் என்னும் இடுக்குப் பகுதி ஒன்றே இருக்கும். இரண்டு குரோமோசோம்கள் முறிந்து, சென்ட்ரோமியர் உள்ள பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்தால், இரண்டு இடுக்குகளைக் கொண்ட இருமையக் குரோமோசோம் உருவாகிறது. எஞ்சிய முனைகள் மையமற்ற துண்டாக நிற்கும். ஒரே குரோமோசோமின் இரு கைகளும் முறிந்து தமக்குள் இணையும்போது வளையக் குரோமோசோம் தோன்றும். சென்ட்ரோமியர் கொண்ட ஒவ்வொரு பகுதியும் மற்றதன் முனைத்துண்டைப் பெற்றுக்கொண்டால் அது இடமாற்றம் எனப்படும்.

இவற்றுள் இருமையக் குரோமோசோமே அளவீட்டிற்கு மிகவும் பயன்படுகிறது. அதை எளிதில் இனங்காணலாம். கதிர்வீச்சுக்கு உட்படாதவர்களிடம் அது ஆயிரம் செல்களுக்கு ஏறத்தாழ ஒன்று அல்லது அதனினும் குறைவாகவே காணப்படும். அதை உண்டாக்கவல்ல வேதிப்பொருள்களும் மிகச் சிலவே.

4. எண்ணிக்கையும் ஏற்பளவும்

இருமையக் குரோமோசோம் உருவாக இரண்டு முறிவுகள் தேவை. அவ்விரு முறிவுகளையும் ஒரே தடம் ஏற்படுத்தலாம். இரு வேறு தடங்களும் ஏற்படுத்தலாம். ஒரே தடம் காரணமாயின் பிறழ்ச்சிகளின் எண்ணிக்கை ஏற்பளவிற்கு நேர்விகிதத்தில் கூடும். இரு தடங்கள் காரணமாயின் எண்ணிக்கை ஏற்பளவின் இருபடிக்கு ஏற்பக் கூடும். அயனிகளை இடைவெளி விட்டு உண்டாக்கும் காமாக் கதிரில் இரண்டாம் வகை மேலோங்குகிறது. ஆகவே அதன் வரைபடம் மேல்நோக்கி வளையும் கோடாக அமைகிறது. நியூட்ரானில் ஒரே தடம் இரு முறிவுகளையும் எளிதில் ஏற்படுத்திவிடுவதால் வரைபடம் நேர்கோடாக அமைகிறது.

ஆய்வகங்களில் பெறப்பட்ட அளவுகள் இவ்வேறுபாட்டைத் தெளிவாக்குகின்றன. கோபால்ட்-60 தரும் காமாக் கதிரை விரைவாக 1 கிரே செலுத்தினால் நூறு செல்களில் ஏறத்தாழ 9 இருமையக் குரோமோசோம்கள் காணப்படும். அணுப்பிளவில் தோன்றும் நியூட்ரானை அதே 1 கிரே செலுத்தினால் நூறு செல்களில் 80க்கும் மேற்பட்டவை காணப்படும். வேறுபாடு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. ஏற்பளவை 0.1 கிரேயாகக் குறைத்தால் காமாக் கதிர் ஆயிரம் செல்களில் 2 இருமையக் குரோமோசோம்களையும், நியூட்ரான் 80க்கும் மேற்பட்டவற்றையும் தோற்றுவிக்கும். வேறுபாடு நாற்பது மடங்கை நெருங்குகிறது. அதாவது, ஏற்பளவு குறையக் குறைய நியூட்ரானின் ஒப்பீட்டுத் தீங்கு மிகுகிறது. ஆற்றல் மிகுந்த நியூட்ரான்களில், எடுத்துக்காட்டாக 14 மில்லியன் எலெக்ட்ரான்-வோல்ட்டு நியூட்ரான்களில், இத்திறன் பிளவு நியூட்ரான்களில் உள்ளதைவிடக் குறைவு.

கால அளவும் இங்குக் கருதத்தக்கது. காமாக் கதிரின் ஏற்பளவைப் பல மணி நேரத்திற்குப் பரப்பிச் செலுத்தினால் முதல் முறிவு சீரான பின்னரே இரண்டாம் முறிவு நேரும். ஆகவே பிறழ்ச்சிகள் குறையும். நியூட்ரானில் இரு முறிவுகளும் ஒரே தடத்தில் ஒரே கணத்தில் நேர்வதால் காலத்தைப் பரப்புவதால் பயன் பெரிதும் இல்லை. மெதுவாக ஏற்பது பாதுகாப்பானது என்னும் பொதுவான எண்ணம் நியூட்ரானுக்குப் பொருந்துவதில்லை.

கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளிலும் இவ்வேறுபாடு இடம்பெற்றுள்ளது. பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1990இல் வெளியிட்ட பரிந்துரையில் நியூட்ரானுக்கு அதன் ஆற்றலுக்கேற்ப 5 முதல் 20 வரை நிறைக்காரணிகளை வகுத்தது. காமாக் கதிருக்கு அது 1 ஆகும். 2007ஆம் ஆண்டுப் பரிந்துரையில் இப்படிநிலைகள் தொடர்கோடாக மாற்றப்பட்டன. அக்கோட்டின் உச்சம் 1 மில்லியன் எலெக்ட்ரான்-வோல்ட்டு அளவில் ஏறத்தாழ 20 ஆக அமைகிறது.

5. ஒரே எண்ணிக்கை, வேறு பொருள்

குறிக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழி காணலாம். ஒருவரின் குருதியில் 500 செல்களை ஆராய்ந்தபோது 40 இருமையக் குரோமோசோம்கள் காணப்பட்டன எனக் கொள்வோம். அவர் ஏற்றது காமாக் கதிர் மட்டுமாயின் மேற்கூறிய அளவுகோலின்படி அவருடைய ஏற்பளவு ஏறத்தாழ 0.93 கிரே. பிளவு நியூட்ரான் மட்டுமாயின் அது 0.1 கிரேயைவிடச் சற்றுக் குறைவு. இரண்டும் சம அளவில் கலந்திருந்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.09 கிரே, மொத்தம் 0.18 கிரே. இக்கலப்பில் ஆற்றலில் பாதியே நியூட்ரானுக்கு உரியது. பிறழ்ச்சிகளிலோ ஏறத்தாழ அனைத்தும் அதற்கு உரியவை. 40 என்னும் எண் மாறவில்லை. அது சுட்டும் ஏற்பளவு மட்டும் பத்து மடங்கு வரை மாறுகிறது.

ஓர் இருமையக் குரோமோசோமை நுண்ணோக்கியில் காண்பவர் அது காமாக் கதிரால் தோன்றியதா, நியூட்ரானால் தோன்றியதா என்று கூற இயலாது. செல்களுக்கிடையே பிறழ்ச்சிகள் பரவியுள்ள முறை ஓரளவு துணைசெய்கிறது. உடல் முழுவதும் சீராகக் காமாக் கதிரை ஏற்றால் இப்பரவல் பாய்சான் விதியைத் தழுவி அமையும். நியூட்ரானின் தடம் சில செல்களையே தாக்கி, தாக்கிய செல்லில் மிகுதியான ஆற்றலை இறக்குவதால், ஒரே செல்லில் இரண்டு மூன்று பிறழ்ச்சிகள் காணப்படுவது அவ்விதி எதிர்பார்ப்பதைவிட மிகுதியாகும். ஆனால் உடலின் ஒரு பகுதி மட்டும் காமாக் கதிரை ஏற்றாலும் இதே நிலை தோன்றும். ஆகவே இக்குறியும் தனித்து நின்று விடை தருவதில்லை.

குரோமோசோமிலேயே நியூட்ரானின் கைரேகையைத் தேடும் முயற்சிகளும் நடைபெற்றுள்ளன. இருவேறு குரோமோசோம்களுக்கிடையே நேரும் பிறழ்ச்சிகளுக்கும் ஒரே குரோமோசோமின் இரு கைகளுக்கிடையே நேரும் பிறழ்ச்சிகளுக்கும் உள்ள விகிதம் அடர்த்தியான கதிரில் குறையும் என டேவிட் பிரென்னரும் ரெய்னர் சாக்ஸும் 1994இல் முன்மொழிந்தனர். பின்வந்த சோதனைகள் சில இதற்கு இசைந்தும் சில முரண்பட்டும் அமைந்தன. ஆகவே நடைமுறையில் நியூட்ரானுக்கும் காமாக் கதிருக்கும் உள்ள விகிதத்தை இயற்பியல் அளவீடுகளே வழங்க வேண்டியுள்ளது. அவ்விகிதத்தைக் கொண்டே உயிரியலாளர் தம் எண்ணிக்கையைப் பகுத்துரைக்கின்றனர்.

6. விபத்துகள் உணர்த்துவன

1958 ஜூன் 16இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜிலுள்ள ஒய்-12 ஆலையில் யுரேனியக் கரைசல் எதிர்பாராமல் தொடர்வினை நிலையை அடைந்தது. எட்டுத் தொழிலாளர்கள் நியூட்ரானும் காமாக் கதிரும் கலந்த வீச்சுக்கு உள்ளாயினர். நியூட்ரானை ஏற்ற சோடியம் கதிரியக்கச் சோடியம்-24 ஆக மாறுவதால், அவர்களின் குருதியிலுள்ள சோடியத்தைக் கொண்டு ஏற்பளவு மதிப்பிடப்பட்டது. குரோமோசோம் ஆய்வுமுறை அப்போது உருவாகவில்லை. சில ஆண்டுகள் கழித்து மைக்கேல் பெண்டரும் கூச்சும் அவர்களின் குருதியை ஆராய்ந்தபோது பிறழ்ச்சிகள் நிலைத்திருப்பதைக் கண்டு 1962இல் வெளியிட்டனர்.

1999 செப்டம்பர் 30இல் ஜப்பானின் டோக்காய் சிற்றூரிலுள்ள எரிபொருள் பதப்படுத்தும் ஆலையில் இத்தகைய விபத்து மீண்டும் நிகழ்ந்தது. 2.4 கிலோகிராம் என்னும் வரம்பை மீறி ஏறத்தாழ 16 கிலோகிராம் யுரேனியம் ஒரே தொட்டியில் ஊற்றப்பட்டதே காரணமாகும். மூன்று தொழிலாளர்கள் கடுமையாகத் தாக்குண்டனர். சோடியம்-24, லிம்போசைட்டு எண்ணிக்கையின் வீழ்ச்சி, குரோமோசோம் பிறழ்ச்சி ஆகிய மூன்று வழிகளாலும் அவர்களின் ஏற்பளவு மதிப்பிடப்பட்டது. காமாக் கதிருக்குச் சமமாகக் கணக்கிடப்பட்ட அளவில் அது ஒருவருக்கு ஏறத்தாழ 16 முதல் 25 கிரே வரையும், மற்றொருவருக்கு 6 முதல் 9 கிரே வரையும், மூன்றாமவருக்கு ஏறத்தாழ 3 கிரேயும் ஆகும்.

இம்மூன்று வழிகளும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன. சோடியம்-24இன் அரை ஆயுள் 15 மணி நேரமே. காலம் தாழ்ந்தால் அச்சான்று அழிந்துவிடும். குரோமோசோம் ஆய்விற்கு இரண்டு மூன்று நாள் தேவை. ஆனால் அச்சான்று நெடுநாள் நிற்கும். மிக உயர்ந்த ஏற்பளவில் லிம்போசைட்டுகளே அருகிவிடுகின்றன, எஞ்சியவையும் பகுப்படைவதில்லை. கடற்பஞ்சிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்ட ஒக்கடாயிக் அமிலத்தைக் கொண்டு குரோமோசோம்களை முன்கூட்டியே சுருங்கச் செய்து வளையங்களை எண்ணும் புதிய முறை அந்நிலையில் கைகொடுத்தது.

எலும்பு மச்சை மீளுமா, மாற்றுச் செல்கள் தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்ய ஏற்பளவின் மதிப்பீடு இன்றியமையாதது. டோக்காயில் ஒருவருக்கு உடன்பிறந்தவரின் குருதித் தண்டுச் செல்களும், மற்றொருவருக்குத் தொப்புள்கொடிக் குருதியும் செலுத்தப்பட்டன. எனினும் முதலாமவர் 1999 டிசம்பரிலும் இரண்டாமவர் 2000 ஏப்ரலிலும் உயிரிழந்தனர், மூன்றாமவர் பிழைத்தார். மதிப்பீடு துல்லியமாக இருந்தும் மருத்துவத்தால் கடக்க இயலாத எல்லை ஒன்று உண்டு என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

ஹிரோஷிமாவின் வரலாறு வேறொரு பாடத்தைத் தருகிறது. 1965ஆம் ஆண்டு ஏற்பளவு முறையின்படி அங்கு நியூட்ரான் மிகுதியாக இருந்ததாகக் கருதப்பட்டது. ஏற்பளவு ஒன்றாக இருந்தும் நாகசாகியில் உயிர் பிழைத்தோரைவிட ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தோரிடம் பிறழ்ச்சிகள் மிகுந்து காணப்பட்டதற்கு அதுவே காரணமாகக் கூறப்பட்டது. 1986ஆம் ஆண்டு மறுகணக்கீடு ஹிரோஷிமாவின் நியூட்ரான் அளவைப் பெரிதும் குறைத்துவிட்டது. 2002ஆம் ஆண்டுக் கணக்கீடும் இதை மாற்றவில்லை. சூழல் பற்றிய தரவு மாறியதும் அதே பிறழ்ச்சிகளுக்குக் கூறப்பட்ட விளக்கமும் நிலைகுலைந்தது.

7. சொல்லாட்சியில் தேவைப்படும் கவனம்

இத்துறைச் செய்திகளைத் தமிழில் எழுதுங்கால் சொல்தேர்வு வெறும் நடைக்கூறாக நின்றுவிடுவதில்லை. குரோமோசோமில் நேரும் இம்மாற்றங்களை ‘மரபுச் சேதம்’ என்று குறிப்பது உண்டு. மரபு என்னும் சொல் தமிழில் வழிவழியாக வருவது என்னும் பொருளை உடையது. ஆகவே இத்தொடரைப் படிப்பவர், பாதிப்பு பிள்ளைகளுக்கும் செல்லும் என்றே கொள்வார். குருதி லிம்போசைட்டில் நேரும் பிறழ்ச்சி அச்செல்லின் வழித்தோன்றல்களோடு நின்றுவிடும். கருவுறும் செல்களுக்கு அது செல்வதில்லை. அணுகுண்டு வீச்சில் உயிர் பிழைத்தோரின் பிள்ளைகளை நெடுங்காலம் ஆராய்ந்தும், பெற்றோரின் கதிர்வீச்சால் மரபுவழிக் கோளாறுகள் குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகக் கண்டறியப்படவில்லை. ஹிபாகுஷா எனப்படும் அம்மக்களும் அவர்தம் பிள்ளைகளும் திருமணத்திலும் வேலையிலும் புறக்கணிப்பைச் சந்தித்ததை எண்ணினால், ஒரு தவறான தொடர் எத்தகைய தீங்கிற்குத் துணைபோகும் என்பது விளங்கும்.

‘சேதம்’ என்பதற்கும் ‘நோய்’ என்பதற்கும் உள்ள இடைவெளியும் பேணப்பட வேண்டும். இருமையக் குரோமோசோம் கொண்ட செல் பெரும்பாலும் பகுப்பின்போது இறந்துவிடுகிறது. குருதியில் அதன் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் பாதியாகும் எனக் கொள்வது வழக்கம். இது ஆளுக்கு ஆள் மாறுபடும். எனவே அது கடந்த நிகழ்வின் சான்றாகும். அதுவே வருங்கால நோயின் விதையன்று. இடமாற்றம் அடைந்த செல் தொடர்ந்து வாழக்கூடியது. குருதிப் புற்றுநோய் சிலவற்றில் குறிப்பிட்ட இடமாற்றங்கள் காணப்படுவதும் உண்மையே. ஆயினும் இடமாற்றங்களின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு தனிமனிதருக்குப் புற்றுநோய் வரும் என்றோ வராது என்றோ கூற இயலாது. நிகழ்ந்ததைக் குறிக்கப் ‘பிறழ்ச்சி’ என்னும் சொல்லும், உடல்நலத்தில் எதிர்பார்க்கப்படும் விளைவைக் குறிக்க ‘இடர்வாய்ப்பு’ என்னும் சொல்லும் தனித்தனியே ஆளப்படுவது தெளிவிற்குத் துணைசெய்யும்.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. நியூட்ரான் தன் ஆற்றலைக் குறுகிய தடத்தில் நெருக்கமாக இறக்குவதால் அதே ஏற்பளவுள்ள காமாக் கதிரைவிட மிகுதியான பிறழ்ச்சிகளைத் தோற்றுவிக்கிறது. இவ்வேறுபாடு குறைந்த ஏற்பளவில் மேலும் விரிவதால், சிறிதளவு நியூட்ரானையும் எளிதாகக் கருதுதல் ஆகாது. குருதிச் செல்லின் இருமையக் குரோமோசோம் கதிர்வீச்சின் நம்பத்தக்க குறி. ஆனால் கதிரின் வகையை அது தானே கூறுவதில்லை. விபத்து நிகழ்ந்த இடத்தின் இயற்பியல் தரவோடு சேர்த்துப் படிக்கும்போதே அதன் பொருள் முழுமையடைகிறது.

விபத்துக்கு உள்ளானவரிடம் ஆய்வகம் வழங்குவது ஓர் எண்ணையே. அவ்வெண் எக்கதிரைக் கருதிக் கணக்கிடப்பட்டது, அது கடந்ததைக் கூறுகிறதா, வருவதைக் கூறுகிறதா, அவருடைய பிள்ளைகளைப் பற்றி ஏதேனும் கூறுகிறதா என்பவற்றை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைப்பதும் அவ்வாய்வின் ஒரு பகுதியே ஆகும்.